பரங்கிமலை சிலேட்டு மெஸ்: நான் போட்ட இரண்டு நட்சத்திரம் தப்பு

திருத்தத்தை முதலில் எழுதிவிடுகிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இதே மெஸ்ஸுக்கு நான் இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தேன். "சாம்பார் அடிப்பிடித்துவிட்டது என்று கடைக்காரரே எழுதி மாட்டியிருக்கிறார். பிறகு நாம் எதற்குச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்?" என்று ஒரு வரி. 41 பேர் அதற்கு விருப்பம் போட்டிருக்கிறார்கள். 32 வருடம் நாளிதழ் டெஸ்க்கில் தலைப்பு போட்ட கை, குத்தலாக ஒரு வரி எழுத யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாம்பார் அடிப்பிடித்தது உண்மை. ஆனால் அதை எனக்குச் சொன்னதே அந்தக் கடைதான் என்பதை நான் எழுதவில்லை.

இடம் சொல்கிறேன். பரங்கிமலை ரயில் நிலையத்தில் இறங்கி கண்டோன்மென்ட் பக்கமாகப் பத்து நிமிட நடை. போர்டில் 'வீட்டுச் சாப்பாடு' என்று மட்டும் இருக்கும். ஆட்டோக்காரர்களிடம் 'சிலேட்டு மெஸ்' என்றால் கொண்டுபோய் விடுவார்கள். நடத்துகிறவர் ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கம். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. அவர் மனைவியை எல்லோரும் அக்கா என்கிறோம், அவரும் எல்லோரையும் அக்கா, அண்ணா என்கிறார். உதவிக்கு இரண்டு பையன்கள். ஆறு மேசை, இருபத்திரண்டு நாற்காலி, சுவரோரம் கை கழுவ ஒரு தொட்டி. காலை எட்டு மணிக்குப் போனால் கேன்டீன் பையோடு வந்த முன்னாள் ராணுவத்தினர் பாதி மேசையைப் பிடித்திருப்பார்கள். மீதிப் பாதி மெட்ரோ பிடிக்கப் போகிற ஐடி பிள்ளைகள்.

பொங்கல் முதலில். இங்கே பொங்கலில் மிளகை உடைத்துப் போடுவதில்லை, முழுசாகத்தான். பிடிக்காதவர்கள் இலை ஓரத்தில் ஒதுக்கிவைப்பார்கள், எனக்குப் பிடிக்கும். அரிசி குழைந்திருக்கும், பருப்பு மட்டும் அங்கங்கே கண்ணுக்குத் தெரியும். நெய் மேலே ஊற்றி மினுக்குவது கிடையாது, உள்ளே போட்டுக் கிளறியிருப்பார்கள். தொட்டுக்கொள்ளத் தக்காளி கொத்சு. 55 ரூபாய். வடை 12. உளுந்து வடை காலை ஒன்பதுக்குள் தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு வருவது மசால் வடை, அது சுமார்தான்.

தென்னாட்டுச் சமையல் எல்லாம் அக்கா. வடநாட்டுச் சமையல் எல்லாம் ஹவில்தார். சனிக்கிழமை பூரிக்கு உருளைக்கிழங்கு மசால் வராது. சீரகமும் மாங்காய்ப் பொடியும் போட்டு நீர்க்க வைத்த ஆலு சப்ஜி வரும். முதல் தடவை முகம் சுளித்தேன், இப்போது சனிக்கிழமை அதற்காகவே பல்லாவரத்திலிருந்து ரயில் ஏறுகிறேன். வியாழக்கிழமை மதியம் ராஜ்மா சாதம். ஜம்முவில் கற்றுக்கொண்டதாம். புதன் இரவே ஊறப்போட்டுவிட்டு, பத்து மணிக்கும் விடியற்காலை நாலு மணிக்கும் எழுந்து தண்ணீர் மாற்றுவார். "சென்ட்ரி டூட்டி மாதிரிதான், தூக்கம் தானா கலையும்" என்றார். கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி பாட்டிலில் சக்கர்பாரா இருக்கும், மைதாவும் சர்க்கரையும் சேர்த்துப் பொரித்த டைமன் துண்டு. லங்கரில், அதாவது படைச் சமையலறையில், செய்து பொட்டலம் கட்டி, காவல் போஸ்ட்டுக்குப் போகிறவன் பையில் போட்டு அனுப்புவார்களாம். வாரம் ஆனாலும் கெடாது. பல் பலமாக இருந்தால் வாங்குங்கள்.

குறைகளும் உண்டு. காபி மோசம். டிகாக்‌ஷன் இறக்கவே மாட்டார், பொடியைப் பாலில் கலக்கித் தருவார். சென்னையில் 20 ரூபாய்க்கு இதைவிட நல்ல காபி தெருவுக்கு நாலு இடத்தில் கிடைக்கும். இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவைக்கிற டீ வேறு ரகம், அதைக் கேளுங்கள். மதியச் சாப்பாட்டில் நாளுக்கு ஒரு குழம்பு வைக்கிறார்கள், ஆனால் கத்தரிக்காய் மட்டும் எந்தக் குழம்பிலும் கிடையாது. சந்தையில் கூறு கட்டிக் கொடுக்கிற சீசனிலும் கிடையாது. கேட்டால் ஹவில்தார் "வாங்கறதில்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

இனி சிலேட்டு. இரண்டடிக்கு மூன்றடி கரும்பலகை, கல்லாவுக்கு மேலே. நடுவில் ஒரு கோடு. வலது பக்கம் 'இன்றைய உணவு'. இடது பக்கம் 'இன்றைய தவறு'. பாதி நாள் அந்தப் பக்கத்தில் 'இல்லை' என்று இருக்கும். மீதி நாளில் இப்படி: "தேங்காய்ச் சட்னி 8.40 முதல் 8.55 வரை இல்லை. பொறுப்பு: நான்." "பொங்கலில் உப்பு இரண்டு முறை விழுந்தது. 7.15-க்கு முன் சாப்பிட்டவர்கள் பணம் திரும்பப் பெறலாம். பொறுப்பு: நான்." எழுத்து இரண்டு பக்கமும் ஒரே அளவு. இதைக் கவனிக்க எனக்கு மூன்று தடவை போக வேண்டியிருந்தது, வெட்கக்கேடு. நாளிதழில் திருத்தம் எந்த அளவில் போடுவோம், எந்த மூலையில் போடுவோம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

உப்பை இரண்டாம் முறை போட்டது அந்தச் சின்னப் பையன். கடையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சிலேட்டில் பையன் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.

சாம்பார் அடிப்பிடித்த அன்று நான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம். சிலேட்டைப் பார்த்ததும் நாலு பேர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பினார்கள். ஒருவர் சாப்பிட்டு முடித்துவிட்டு, "நீங்களே ஒத்துக்கறீங்க இல்ல, அப்ப முழுப் பணமும் குடுங்க" என்று சண்டை போட்டார். கொடுத்துவிட்டார். ஐடி பையன் ஒருவன் சிலேட்டைப் படம் எடுத்தான். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு நட்சத்திரம் ஏழோ எட்டோ விழுந்தது, எல்லாவற்றிலும் சாட்சி அவர் கையெழுத்துதான். கூடவே என்னுடைய இரண்டு. பக்கத்துத் தெரு ஓட்டலில் நேற்றைய சாம்பாரைச் சுடவைத்து ஊற்றுவார்கள், அதற்கு 4.3. ஒத்துக்கொண்டவனுக்கு 3.4.

பிறகு எப்படித் திரும்பப் போனேன் என்றால், பசி. மழை நாள், வேறு கடை திறந்திருக்கவில்லை. நான்தான் அந்த வரியை எழுதியவள் என்று சொன்னேன். "தெரியும் மேடம், ரிவ்யூல உங்க படத்தப் பார்த்தேன்" என்று சொல்லிப் பொங்கல் வைத்தார். எதற்கு இந்த வேலை, சாம்பாரைக் கீழே கொட்டிவிட்டு 'இன்று சாம்பார் இல்லை' என்று எழுதியிருக்கலாமே என்றேன். "அதுவும் பொய்தானே" என்றார். பிறகு சும்மா கேட்பதுபோல, "பத்திரிகையில இருந்தேன்னு சொன்னீங்க. 2019-ல ஹெலிகாப்டர் விழுந்தப்போ நீங்க என்ன போட்டீங்க?" என்றார்.

எந்த ஹெலிகாப்டர் என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

2019 பிப்ரவரி 27. முந்தின நாள் பாகிஸ்தானின் பாலாகோட்டில் நம் விமானங்கள் குண்டு போட்டிருந்தன. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால் புல்வாமாவில் தற்கொலைத் தாக்குதலில் 40 சிஆர்பிஎஃப் வீரர்கள் இறந்திருந்தார்கள். 27ஆம் தேதி காலை பாகிஸ்தான் விமானங்கள் வந்தன, நம் விமானங்கள் எழுந்தன, விங் கமாண்டர் அபிநந்தன் அந்தப் பக்கம் விழுந்து பிடிபட்டார். சென்னைப் பிள்ளை. அன்று எங்கள் டெஸ்க்கில் வேறு எதுவும் செய்தியே இல்லை. அதே காலையில்தான் ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் புட்காமில் விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்தது. உள்ளே இருந்த ஆறு பேரும், தரையில் ஒரு பொதுஜனமும் போனார்கள். முதலில் வந்த செய்திப் பிரதிகளில் தொழில்நுட்பக் கோளாறாக இருக்கலாம் என்றிருந்தது. நான்தான் அந்தச் செய்தியைச் செப்பனிட்டேன். 'கோளாறாக இருக்கலாம்' என்பது தலைப்பில் கொள்ளவில்லை, 'கோளாறால்' என்று ஆக்கினேன். உள்பக்கம், இரண்டு காலம் (பத்தி) அகலம். 'கோளாறால் ஹெலிகாப்டர் விழுந்து 7 பேர் பலி.'

'பலி' என்ற சொல்லைக் கவனியுங்கள். எதிரி சுட்டால் எங்கள் பத்திரிகையில் 'வீரமரணம்'. விபத்தென்றால் 'பலி'. எழுதாத சட்டம், எல்லா டெஸ்க்கிலும் உண்டு.

அக்டோபர் 4ஆம் தேதி, பதவிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத விமானப்படைத் தளபதி பதௌரியா பத்திரிகையாளர்களிடம் சொன்னார், அது நம்முடைய ஏவுகணைதான், நம்முடைய பெரிய தவறு என்று. விசாரணை முடிந்துவிட்டது, நடவடிக்கை உண்டு, இனி நடக்காமல் பார்த்துக்கொள்வோம் என்றார். 219 நாள். இடையில் ஒரு பொதுத்தேர்தல் வந்து போயிருந்தது. நான் டெஸ்க்கில் கேட்டேன்: ஆறு பேரையும் 'பலி' என்று போட்டோமே, இப்போது என்ன போடுவது? கோளாறு என்று போட்டது நான், முதல் பக்கத்தில் ஒரு நாலு வரி போடலாமா? "எடிஷன் போற நேரத்துல என்னம்மா" என்றார் மேலே இருந்தவர். ஒற்றைக் காலத்தில் போனது. அடுத்த மாதம் எனக்கு ஓய்வு.

இதை ஹவில்தாரிடம் சொன்னபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ராஜ்மாவுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வந்தார்.

அவர் இருந்தது வான் பாதுகாப்புப் படை. எல்-70 பீரங்கி, 40 மில்லிமீட்டர். மேலே பறக்கிறது நம்முடையதா அடுத்தவனுடையதா என்று பார்ப்பதுதான் அவர் வேலையில் பாதி. அவர் விளக்கியதை என் சொல்லில் தருகிறேன், தப்பிருந்தால் என்னுடையது. விமானத்தில் ஐஎஃப்எஃப் என்று ஒரு பெட்டி இருக்கும். தரையிலிருந்து ரேடார் கேள்வி கேட்கும், பெட்டி சரியான குறியீட்டில் பதில் சொல்லும். பதில் வந்தால் நம்மவன். பதில் வராவிட்டால்? "எல்லாரும் எதிரின்னு நினைப்பாங்க மேடம். அது கிடையாது. பதில் வரல, அவ்ளோதான். பெட்டி கெட்டுப்போயிருக்கலாம், அணைச்சு வச்சிருக்கலாம், கோடு மாறியிருக்கலாம்." புட்காமில் அந்தப் பெட்டி அணைந்திருந்ததாகத்தான் பிறகு செய்திகள் வந்தன.

அதற்கு மேலே உத்தரவு மூன்று படி. 'ஹோல்ட்' என்றால் மேலிருந்து சொல்லாமல் சுடாதே, உன்மேல் விழுந்தால் தவிர. 'டைட்' என்றால் எதிரி என்று உறுதியானதை மட்டும் சுடு. 'ஃப்ரீ' என்றால் நம்மவன் என்று உறுதியாகாத எதையும் சுடலாம். டைட்டுக்கும் ஃப்ரீக்கும் நடுவில்தான் ஆள் சாவான் என்றார். முந்தின நாள் குண்டு போட்டிருக்கிறோம், அவன் திருப்பி அடிப்பான் என்று எல்லோரும் காத்திருக்கிறோம், திரையில் தாழ்வாக ஒரு புள்ளி மெதுவாக வருகிறது. முடிவெடுக்க இருப்பது நிமிடக் கணக்குகூட இல்லை. "அந்த ரூம்ல இருந்தவன நான் திட்ட மாட்டேன். ஆனா மறுநாள் காலைல என்ன சொல்றோம்னு ஒண்ணு இருக்கு இல்ல? அதுக்கு டைம் இருந்துச்சு."

விசாரணை என்று ஒன்று இருக்கிறதே, துண்டுகளைப் பொறுக்கி ஆராய வேண்டாமா என்றேன். "விசாரணைக்கு ஏழு மாசம் எடுத்துக்கட்டும். 'நம்ம குண்டா இருக்கலாம், பார்த்துக்கிட்டிருக்கோம்'னு சொல்ல எத்தனை நாள்?"

இந்த மெஸ்ஸில் இப்படிப் பேச்சு போவது அபூர்வம் இல்லை. கடற்படைக்காரர் ஒருவர் தினமும் வருவார், எண்பதைத் தாண்டியவர், இட்லியைக் கரண்டியால் சாப்பிடுவார். 1971-ல் கராச்சியை நாம் அடித்தபிறகு, பயத்தில் பாகிஸ்தான் விமானப்படை தன் சொந்தக் கப்பல் சுல்ஃபிகாரையே நம் ஏவுகணைப் படகு என்று நினைத்துச் சுட்ட கதையை அவர் சொன்னால் கடை குலுங்கும். ஒருநாள் எல்லோரும் சிரித்து முடித்ததும் ஹவில்தார் தோசையைத் திருப்பிக்கொண்டே, "அந்தக் கப்பல்லயும் ஒருத்தன் சமைச்சுக்கிட்டு இருந்திருப்பான் அண்ணே" என்றார். பெரியவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

இன்னொரு நாள் கடைக்குள் சண்டை, 2023 டிசம்பரில் நடந்ததைப் பற்றி. காசாவில் இஸ்ரேல் ராணுவம் தன் பணயக்கைதிகள் மூன்று பேரைத் தானே சுட்டுக் கொன்றது. சட்டையில்லாமல், குச்சியில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வந்தவர்கள். அன்று சாயங்காலமே ராணுவம் அறிவித்தது, அன்று இரவே டெல் அவிவில் ஜனம் தெருவுக்கு வந்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான், தரைப்போரில் இறந்த தங்கள் 105 பேரில் 20 பேர் சொந்தச் சூட்டிலும் விபத்துகளிலும் போனவர்கள் என்று கணக்கும் கொடுத்திருந்தார்கள். "பாருங்க, இதான் ராணுவம். அன்னிக்கே சொன்னான்" என்றார் மேஜர் ஒருவர். பக்கத்து மேசையில் ஒரு கல்லூரிப் பெண், காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "சார், அவங்க ஆளுங்க செத்ததால சொன்னாங்க. வெள்ளைத் துணி பிடிச்ச அந்த ஊர்க்காரங்க செத்திருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பாங்களா?" என்றாள். மேஜர் பதில் சொல்லவில்லை. அவள் பில்லில் வடையை ஹவில்தார் சேர்க்கவில்லை.

என் பங்குக்கு நான் டில்மன் கதையைச் சொன்னேன். 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆட்டக்காரர், 36 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டுத் தம்பியோடு படையில் சேர்ந்தவர். 2004 ஏப்ரல் 22, ஆப்கானிஸ்தானில் தன் பிரிவின் சூட்டிலேயே இறந்தார். கூட இருந்தவர்களுக்கு உடனே தெரியும். அவருடைய உடுப்பு, குண்டு துளைக்காத கவசம், குறிப்பேடு எல்லாவற்றையும் எரித்தார்கள். எதிரியோடு மோதிச் செத்தார் என்று எழுதி சில்வர் ஸ்டார் விருது கொடுத்தார்கள், தொலைக்காட்சியில் நினைவஞ்சலி நடத்தினார்கள். குடும்பத்துக்கு உண்மை தெரிந்தது ஐந்து வாரம் கழித்து. அந்த அம்மா விடவில்லை. 2007-ல் நாடாளுமன்றக் குழு முன்னால் தம்பி சாட்சி சொன்னார். அந்தக் குடும்பம் சுட்டவர்கள்மேல் காட்டியதைவிடப் பல மடங்கு கோபத்தை, பொய் எழுதியவர்கள்மேல் காட்டியது.

"விருது வேற குடுத்தானா" என்றார் ஹவில்தார். அதற்குமேல் அன்று பேசவில்லை.

எனக்கு இதில் தொழில் சார்ந்த ஒரு அரிப்பு உண்டு. 'ஃப்ரெண்ட்லி ஃபயர்' என்பதைத் தமிழில் என்ன எழுதுவது? பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் ஒருமுறை 'நட்புறவுத் துப்பாக்கிச் சூடு' என்று எழுதிக் கொடுத்தான், டெஸ்க்கே சிரித்தது. ஆனால் எங்களிடமும் சொல் இல்லை. 'சொந்தப் படையினரே தவறுதலாகச் சுட்டதில்' என்று நீட்டினால் தலைப்பில் இடம் போதாது. தலைப்புக்குள் அடங்காத செய்தி உள்பக்கம் போகும். நம்மிடம் விழுப்புண் என்று ஒரு சொல் இருக்கிறது, மார்பில் வாங்கியது. புறப்புண் என்று ஒரு சொல் இருக்கிறது, முதுகில் வாங்கியது. வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தே, அதாவது வடக்கு நோக்கிப் பட்டினி கிடந்தே, உயிர்விட்டான். புறநானூற்று 278ஆம் பாட்டில், மகன் முதுகு காட்டிவிட்டான் என்று யாரோ சொன்னதைக் கேட்ட கிழவி, அது உண்மையானால் பால் கொடுத்த முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். பின்னால் நின்ற நம்மவன் வேல் பட்டுச் செத்தவன் உடம்பை அவள் புரட்டியிருந்தால்? அதற்குச் சொல்லும் இல்லை, திணையும் இல்லை.

நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, இந்த மெஸ்ஸிலிருந்து பக்கம்தான். இரண்டாம் உலகப் போரைச் சேர்ந்த கல்லறைகள் மட்டும் எண்ணூறுக்கு மேல், புல் வெட்டி அழகாக வைத்திருப்பார்கள். கல்லில் பெயர், படைப்பிரிவு, தேதி எல்லாம் உண்டு. எப்படி என்று மட்டும் இருக்காது.

இந்தப் புறநானூற்றுக் கதையைப் போன மாதம் ஒரு மதியம், கடை அடைக்கிற நேரத்தில் அவரிடம் சொன்னேன். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஹவில்தார் நாற்காலியைக் கவிழ்த்து மேசைமேல் அடுக்கிக்கொண்டிருந்தவர், ஒன்றை இறக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

"தொண்ணூறுகள்ல, மேடம். எந்த எடம், எந்த யூனிட்னு கேக்காதீங்க. ஒரு பையனோட பெட்டியக் கொண்டுபோய்க் குடுக்க என்னையும் இன்னொருத்தனையும் அனுப்பினாங்க. எனிமி ஃபயர்னு சொல்லச் சொன்னாங்க. ரயில்ல வரும்போது கூட வந்தவன் சொல்றான், அது நம்ம பக்கத்துலேருந்து வந்ததுன்னு பேசிக்கிறாங்கடா. எனக்கு நிச்சயமாத் தெரியாது. இன்னிக்கும் தெரியாது. பெட்டியத் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. ஊருக்குப் போனோம். எல்லாம் முடிஞ்சப்புறம் அவங்க அப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். 'முன்னாலயா தம்பி, பின்னாலயா?' நான் முன்னாலன்னேன். 'அப்ப சரி'ன்னு சொல்லிட்டு, எங்க ரெண்டு பேரையும் உக்காரவச்சு அவரே எலை போட்டார். சாவு வீட்ல அடுப்பு எரியாது, பக்கத்து வீட்லேருந்து வாங்கிட்டு வந்து போட்டார். சோறும் கத்தரிக்கா காரக்குழம்பும்."

நான் சிலேட்டைப் பார்த்தேன். அவர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "சாம்பாரையும் சாவையும் ஒண்ணாப் போட்டு எழுதிடாதீங்க" என்றார். எழுதவில்லை. இரண்டையும் தனித்தனியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

சரி, போகிறவர்களுக்குத் தகவல். காலை 6.30 முதல் 10.30, மதியம் 12 முதல் 2.30. இரவு கிடையாது. செவ்வாய் விடுமுறை. அளவுச் சாப்பாடு 90 ரூபாய், சாதமும் ரசமும் மறுமுறை கேட்டால் போடுவார்கள், கூட்டு ஒருமுறைதான். சனிக்கிழமை பூரிக்கு ஏழரைக்குள் போங்கள். வண்டி நிறுத்த இடம் இல்லை, ரயிலில் போவது உத்தமம். மழை பெய்தால் வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும், இரண்டு செங்கல் போட்டிருப்பார், பார்த்துக் கால் வையுங்கள். போன சனிக்கிழமை சிலேட்டு: "பூரி 7.10-க்குத் தயார் என்று சொன்னோம். 7.35 ஆனது. பொறுப்பு: நான்." அதைப் படித்துவிட்டு ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "7.40" என்றார். ஹவில்தார் சாக்பீஸை எடுத்து 35-ஐ அழித்து 40 ஆக்கினார்.

நான்கு நட்சத்திரம். ஒன்றைக் காபிக்காகப் பிடித்துக்கொண்டேன், அதை அவரிடமும் சொல்லிவிட்டேன். பழைய இரண்டு நட்சத்திரத்தையும் அந்த வரியையும் நான் அழிக்கவில்லை. கீழேயேதான் இருக்கிறது, 41 விருப்பத்தோடு.